ரஸ்க்குக்கு வந்த வியாதி

எங்கள் நாய் செத்ததைக்கூட ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டேன். அது எதனால் செத்தது என்று அப்பா சொன்ன பொய்யை இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அப்போது நாங்கள் அமெரிக்காவில், ரிச்சர்ட்சன் என்ற ஊரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. நாயின் பெயர் ரஸ்க். வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் கொல்லைப்புறத்தில், விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கூண்டில் படுத்துக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை, நான் வீசிய பந்தை எடுக்க ஓடிய ரஸ்க் பாதி வழியில் சுருண்டு விழுந்தது.

அப்பாவும் நானும் அதை மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் ரிசல்ட் வாங்கப் போனபோது டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். இது சாகஸ் வியாதி, விறகு இடுக்குகளில் ஒளிந்திருந்து இரத்தம் குடிக்கும் கிஸ்ஸிங் பக் என்ற பூச்சியால் வருவது, இதயத்தைக் கெடுத்துவிடும். நாயைத் தொட்டால் ஒட்டாது. ஆனால் நாய்க்கு வந்திருக்கிறது என்றால் அந்தப் பூச்சி உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கிறது. வீட்டில் எல்லோரும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்பா ஆபீஸ் மீட்டிங்கில் ஆட்டுவதுபோல் தலையாட்டினார்.

காரில் ஏறியதும் என்னிடம் சொன்னார்: "அம்மாகிட்ட, ரஸ்க்குக்குப் பொறந்ததுலேர்ந்தே ஹார்ட் வீக்காம்னு மட்டும் சொல்லு. கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்போ போய் டெஸ்ட் எடுத்து, ஏதாவது ரெக்கார்ட்ல ஏறிடுச்சுன்னா அவ்வளவுதான்."

"பட் தட்ஸ் அ லை, அப்பா!"

"சொன்னதைச் செய்."

அம்மாவிடம் அப்பா சொன்னதையே சொன்னேன்; யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. பத்தாம் நாள் ரஸ்க் போய்விட்டது. அப்பா கூண்டைக் குப்பையில் போட்டார். விறகை அப்படியே விட்டுவிட்டார். நான் அவருடைய ஆபீஸ் ஷூவைத் தூக்கி அதே குப்பையில் போட்டேன். இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

கிரீன் கார்டு வந்தது. நான் காலேஜ் முடித்த வருடம் அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தாள். பல டெஸ்டுகளுக்குப் பிறகு ஹார்ட் டாக்டர் அதே வியாதியின் பெயரைச் சொன்னார். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கலாம் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பார்க்கிங் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வியாதிக்கும் கிரீன் கார்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வக்கீலிடம் ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அம்மா இப்போது பேஸ்மேக்கரோடு இருக்கிறாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஒன்பது வயதில் என் கோபம் முழுவதும் ரஸ்க்குக்காகத்தான். டாக்டரம்மா அன்று எங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் கார் நின்றதுமே இறங்கி ஓடி அம்மாவிடம் கத்திச் சொல்லியிருப்பேன்.