ருசி பார்க்காமல் வைத்த பொங்கல்

போன மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. எங்கள் மெஸ்ஸின் வாசற்படியில் கால் வைத்ததுமே கேஸ் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே எங்கள் சமையல்காரி அஞ்சலை, கையில் லைட்டரோடு அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் போட்ட கத்தலில் லைட்டர் கீழே விழுந்தது. ஒரு நொடி பிந்தி வந்திருந்தால் அவளும் இல்லை, இதை எழுத நானும் இல்லை.

சிலிண்டரை மூடினேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். பயம் தெளிந்ததும் வழக்கம்போல எனக்குக் கோபம்தான் வந்தது.

"மூக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியாடி உனக்கு? ஊரே நாறுது."

அஞ்சலை சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லக்கா. வாசனையே தெரியல. நாக்குலயும் ஒண்ணும் தெரியல. ஐப்பசில காய்ச்சல் வந்துச்சே, அப்போலருந்து."

நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள் நான்.

என் பெயர் ஜெயந்தி. அண்ணாமலையார் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு மெஸ்ஸை மேனேஜராக இருந்து பார்த்துக்கொள்கிறேன். மதியம் ஆனால் ஆபீஸ்காரர்களும் மனு கொடுக்க வருபவர்களுமாக உட்கார இடம் இருக்காது. அந்தக் கூட்டம் எங்களுக்காக வந்ததில்லை, அஞ்சலையின் சாம்பாருக்காக வந்தது. எட்டு வருடமாக அவள் கைப்பக்குவத்தில்தான் எங்கள் மெஸ் ஓடுகிறது.

காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கார்த்திகை முழுவதும் தீபத்துக்கு வந்த கூட்டம். அந்தப் பசியில் யாரும் ருசி பார்த்துச் சாப்பிடவில்லை, தப்பித்தோம். மார்கழியிலிருந்து தட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒரு நாள் உப்பு கம்மி, மறுநாள் ஜாஸ்தி. ஒரு நாள் புளித்த மாவில் தோசை. ஒரு நாள் கெட்டுப்போன பாலில் காபி. தினமும் வந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போவதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் என்ன செய்தேன்? திட்டினேன். பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் எல்லோர் எதிரிலும் திட்டினேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, உப்பு பார்க்காதவளை எங்கே போடுவது?" என்று கேட்டுச் சிரித்தும் இருக்கிறேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்கினாள். வேறு எங்கோ வேலைக்குப் பேசி வைத்துவிட்டாள், அதனால்தான் அலட்சியம் என்று நானே முடிவு கட்டினேன். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று எனக்கு நானே சர்டிபிகேட் வேறு கொடுத்துக்கொள்வேன். கடைசியில் முதலாளியிடம் போய், "ஆளை மாத்திடுங்க சார்" என்று சொன்னதும் நான்தான். பங்குனி முதல் தேதி புது ஆள் வருவதாகப் பேசி முடித்துவிட்டார். இது எதுவும் அஞ்சலைக்குத் தெரியாது.

"டாக்டராண்ட போனியா?" என்று அன்று கேட்டேன்.

"போனேங்க்கா. தானா வரும், எப்போன்னு சொல்ல முடியாதுன்னாரு. ருசி தெரியாத சமையல்காரிய யாருக்கா வெச்சுப்பாங்க? அதான் வாயத் தொறக்கல. உப்பு போட்டுட்டமா இல்லியான்னு சந்தேகம் வந்துரும். இன்னொரு கை போட்டுருவேன்."

அவளுடைய பெரிய பெண் நர்சிங் படிக்கிறாள். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், எப்போதாவதுதான் வருவார். குடும்பம் நிற்பது அஞ்சலையின் கையில். அந்தக் கையைத்தான் நான் வெட்டிவிடப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. விடிவதற்கு முன்பே மலை சுற்றக் கிளம்பினேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் நான் பௌர்ணமிக்குக் கிரிவலம் போவது பேருக்குத்தான், பேசிக்கொண்டே நடந்துவிடுவேன். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் நின்று ஒரே வேண்டுதல்: "அப்பா அண்ணாமலையாரே, அவளுக்கு நாக்கு ருசியைத் திருப்பிக் கொடு. நான் செய்த பாவத்துக்கு அவள் வேலை போகக் கூடாது." வாயு லிங்கம் வரும்போது கால் கொப்பளித்துவிட்டது. மனசில் ஒரு பதிலும் இல்லை. மலையைப் பார்த்துக் கோபித்துக்கொள்ளக்கூடச் செய்தேன்.

கொஞ்ச தூரம் தள்ளி, பாதையோரமாக ஒரு சின்ன அம்மன் கோயில். அங்கே ஒரு குடும்பம் நேர்த்திக்கடனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. கிளறிக்கொண்டிருந்த பெண் என்னைவிடச் சின்னவள். கால் வலிக்கு அங்கே உட்கார்ந்தேன். மெஸ் புத்தி சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன்.

"வெல்லம் சரியா இருக்குதான்னு வாய்ல போட்டுப் பாத்தியாம்மா?"

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாக்கா இப்டி கேக்கறீங்க? சாமிக்கு வெக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் வாய்ல வெப்பாங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. தெரியாத விஷயமா இது? எங்கள் வீட்டுப் படையலுக்கு நானும் அப்படித்தானே ஆக்குகிறேன். அம்மனுக்குப் படைத்துவிட்டு எனக்கும் ஒரு தொன்னையில் கொடுத்தார்கள். வாயில் வைத்தேன். வெல்லம் இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அஞ்சலை மட்டும் என்ன? ஆடிக் கூழும் தைப் பொங்கலும் நாக்கில் வைக்காமல்தானே காலமெல்லாம் ஆக்கியிருக்கிறாள். அளவு அவள் கையில் இருக்கிறது. போனது தைரியம் மட்டும்தான். அதைப் போகடித்ததில் பாதிப் பங்கு என்னுடையது. தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்பாதையில் அழுதேன். அண்ணாமலையார் பதில் சொல்லிவிட்டார். மீதி என் வேலை என்று தெரிந்தது.

அன்று மாலையே முதலாளி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏம்மா, மாத்தணும்னு நீதானே சொன்ன?"

"ஆமாங்க சார். தப்பா சொல்லிட்டேன். ஒரு வாரம் குடுங்க. ஒரு தட்டு திரும்பி வந்தாலும் அவளோட சேர்ந்து நானும் போயிடறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டேன். "அஞ்சல, எல்லார் எதிர்லயும் உன்ன திட்டினேன். எல்லார் எதிர்லயும் கேக்கறேன். மன்னிச்சிரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடுக்கா, உலை கொதிக்குது" என்றாள்.

"இனிமே நீ மெஸ்ஸுக்கு ஆக்கல, சாமிக்கு ஆக்கற. வாய்ல வெக்கற வேலையே இல்ல. கை சொல்றத போடு" என்றேன். உப்பு போட்டதும் உரக்கச் சொல்ல வேண்டும். காய் நறுக்கும் கலா அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவாள், சந்தேகத்துக்கு இடமே இல்லை. பால், மாவு, கேஸ் மூன்றையும் முகர்ந்து பார்ப்பது கலாவின் பொறுப்பு. அவள் முகர்ந்து சொல்லாமல் அடுப்பு பற்றக் கூடாது. ஆக்கி முடித்ததும் முதல் இலை அண்ணாமலையார் படத்துக்கு. அதற்குப் பிறகு ருசி பார்ப்பது நான்.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் அவசரத்தில் உப்பைச் சொல்வதும் திருப்பிச் சொல்வதும் விட்டுப்போய், கூட்டில் உப்பு இல்லை. என் வாய் திறந்துவிட்டது, அஞ்சலையின் முகம் வெளுத்ததையும் பார்த்தேன். திறந்த வாயை மூடி, எச்சில் விழுங்கி, "கூட்டுக்கு மட்டும் கொஞ்சம் உப்பு தண்ணி தெளிச்சுடுடி" என்றேன். அவ்வளவுதான். அந்தக் கூட்டு பந்திக்குச் சரியாகப் போனது. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடந்ததைவிட அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் முதலாளி சொல்லாமல் வந்து, ஓர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கை கழுவிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் போன் வந்தது. "அந்தப் புது ஆளை வர வேணாம்னு சொல்லிட்டேம்மா. அஞ்சலையே இருக்கட்டும்."

நான் கேட்டது ஒன்று, அண்ணாமலையார் கொடுத்தது வேறு. ருசியைக் கேட்டேன், வழியைக் கொடுத்தார். இன்று எங்கள் மெஸ்ஸில் யாராவது தடுமாறினால், நான் முதலில் தனியாகக் கூப்பிட்டு "இன்னா ஆச்சு?" என்று கேட்கிறேன். மார்கழியிலிருந்து நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. கேட்டிருந்தால் கேஸ் வாடையில் அவள் அப்படி நின்றிருக்கவே மாட்டாள். உங்களை நம்பி வேலை பார்க்கும் யாராவது திடீரென்று சோடை போனால், தயவுசெய்து கேளுங்கள். வழி தெரியாவிட்டால் அண்ணாமலையாரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டுச் சும்மா உட்காராமல் நடங்கள். வழியில் யார் வாயிலாகவாவது சொல்லிவிடுவார். எனக்குச் சொன்னார், உங்களுக்கும் சொல்வார்.

இந்த ஆடியில் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். நானும் கலாவும் வாசலில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"அக்கா, எதுனா தீயுதா?"

ஓடிப்போய்ப் பார்த்தோம். பருப்பு அடிப்பிடித்திருந்தது. ஒரு குண்டான் பருப்பு வீண். யாரும் அடுப்பை அணைக்கக்கூட இல்லை, எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கண்ணை மூடி, அந்தக் கருகல் வாடையை இன்னொரு முறை இழுத்து இழுத்து முகர்ந்தாள். அண்ணாமலையாருக்கு அரோகரா என்று நான் போட்ட சத்தம் தெரு முனைவரை கேட்டதாம்.