கத்தரிக்காய்க் குழம்பு என்று சொன்னேன்

கணவர் இறந்த பிறகு நல்லூர் வீட்டில் நான் ஒருத்திதான். கடையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்து ஒடித்துப் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிட எரிச்சல், வழியை மறித்துக்கொண்டு வீடியோ காலில் பேசுகிறவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படி ஒருவர் நின்றார். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வடநாட்டுக்காரர். ஒவ்வொரு காயாக எடுத்துப் போனில் காட்டி இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, முழுக் கடையையும் காட்டித்தான் முடிப்பீங்களா? வழிய உடுங்க!" என்று கத்திவிட்டேன்.

அவர் பதறி ஒதுங்கினார். "சாரி அக்கா. ஊர்ல அம்மா. என்ன சமையல்னு டெய்லி கேக்கும்."

போனில் தெரிந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னார்.

"உங்க வீட்ல இன்னிக்கு என்ன சமையல்னு கேக்குது அக்கா."

என்னை யாரும் அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! என் கூடையில் ஒரு ரஸ்க் பாக்கெட் மட்டும் கிடந்தது.

"கத்தரிக்காய்க் குழம்புங்க" என்றேன்.

அவர் அதை இந்தியில் சொன்னதும் அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர் போன பிறகு, சொன்ன பொய்க்காகவே கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிப் போய்க் குழம்பு வைத்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதைச் சொல்ல நினைத்துப் போனை எடுத்தேன். யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.