பெருக்காத வீடு

காவாந்தண்டலம் பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த பேனரில், சுகிர்தாவின் முகத்தைவிட அதைக் கட்டிய பையன்களின் முகங்கள்தான் பெரிதாக இருந்தன. மேலே மாலை போட்ட ஒரு விமானம். கீழே, 'அயர்லாந்து செல்லும் எங்கள் தெருவின் தங்கமே, வருக வருக' என்று அச்சடித்திருந்தார்கள். போகிறவளை ஏன்டா வருக என்கிறீர்கள் என்று சுகிர்தா கேட்டதற்கு, எல்லாவற்றையும் முன்னின்று செய்த வசந்த்குமார், "அட்ச்சாச்சிக்கா, வுடு" என்றான்.

அந்தத் தெருவிலிருந்து விமானம் ஏறப்போகிற முதல் ஆள் அவள். அப்பா அருள்தாஸும் அம்மா செங்கேணியும் அடுத்தவர் கழனியில் நட்டும் அறுத்தும் அவளை உணவுத் தொழில்நுட்பம் படிக்க வைத்தார்கள். மேற்படிப்புக்கு அரசாங்க உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. கிளம்புகிற அன்று வழியனுப்பத் தெருவே வேன் ஏறியது. அருள்தாஸ் வேலை செய்யும் கழனிக்குச் சொந்தக்காரர் கன்னியப்பன், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "போறது இருக்கட்டும் தாசு. நாலு நாளுல அழுதுகினு ஓடியாராம இருந்தா சரி" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அருள்தாஸும் சிரித்து வைத்தார், வேறென்ன செய்வார்? மீனம்பாக்கம் போகிற வரைக்கும் சுகிர்தாவின் காதில் அந்தச் சிரிப்புதான் கேட்டுக்கொண்டிருந்தது.

செங்கேணி மட்டும் வேனில் ஏறவில்லை. வீட்டிலிருந்து யார் வெளியூர் போனாலும், போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிகிறவரை அவள் வீட்டைப் பெருக்கமாட்டாள், பிறரையும் பெருக்க விடமாட்டாள். சபையில் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை. போதகர் ஐசக் ஒருமுறை கண்டித்தபோது, "ஏசு எந்த எடத்துல ஐயா தொடப்பத்த எடுன்னு சொல்லிக்கீறாரு?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தவள். துடைப்பத்தை யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்று வீட்டுக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டாள்.

விமான நிலைய வாசலில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தெரு மொத்தமும் கை ஆட்டியது. சுகிர்தாவும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கவுண்டரில் இருந்த பெண் இவளுடைய காகிதங்களைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடியும் காகிதங்களைப் பார்த்தாள்.

"பாரிஸ் வரைக்கும் ஒரு டிக்கெட். அங்கேருந்து டப்ளினுக்குத் தனி டிக்கெட். அப்படின்னா பாரிஸ்ல நீங்க பெட்டியை எடுத்துக்கிட்டு வெளிய வந்து, மறுபடி உள்ள போகணும். வெளிய வர்றதுக்கு அந்த நாட்டு விசா வேணுமே? உங்ககிட்ட அயர்லாந்து விசா மட்டும்தான் இருக்கு. ஏத்த முடியாதும்மா."

பிரித்து எடுத்தால் மலிவு என்று கண்டுபிடித்தவள் சுகிர்தாவேதான். தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பூரித்தும் போயிருந்தாள். கெஞ்சினாள், அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே வந்தவள் வெளியே போவதற்குக்கூட ஓர் ஊழியர் கூடவே வந்து காவலரிடம் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதற்குள் வேன் தாம்பரத்தைத் தாண்டிவிட்டது.

போன் அடித்தது. பின்னால் பையன்கள் பாடுகிற சத்தம். "கண்ணு, ஏறிட்டியா?" என்று அருள்தாஸ் கேட்டார்.

"ஏறிட்டேன் நைனா."

அந்த ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் அவளால் எந்தப் பக்கமும் நகர முடியவில்லை.

கல்லூரித் தோழி ஜெனிஃபர் பல்லாவரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சுகிர்தா அவள் கட்டிலில் ஒண்டிக்கொண்டாள். மறுநாள் "சேந்துட்டேன்" என்று வீட்டுக்குச் சொன்னாள். "மூஞ்சப் பாத்தாதான் எனுக்கு மனசு ஆறும்" என்று செங்கேணி சொன்னதற்கு, நெட் சரியில்லை, வீடியோவில் வரமுடியாது என்றாள். குளிருகிறது என்றாள், மின்விசிறிகூட ஓடாத அறையில் வியர்த்து வழிந்துகொண்டு. பனியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி வசந்த்குமார் உயிரை எடுத்தான். "செப்டம்பர்ல பனி ஏதுடா முட்டாளே" என்று இவள் அதட்டியதும் அவன் மரியாதையோடு அடங்கிப்போனான். அதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

வெளியே போகவும் பயம். ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் இந்தப் பக்கம்தான் வேலைக்கு வருகிறார்கள். டீ வாங்கப் போனாலும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போனாள். தலைக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் போய்க்கொண்டே இருந்தன. முதலில் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

ஒருநாள் அந்த ஜன்னலைத் திறந்து வைத்தபடி அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வந்தது. "பழைய இரும்பு, பழைய பேப்பர், ஈயம், பித்தளை..." சுகிர்தா பதறிப்போய் போனை அணைத்தாள். மறுபடி கூப்பிட்டு, சிக்னல் போய்விட்டது என்றாள். "வேளாவேளைக்கு துன்னு" என்று மட்டும் சொன்னாள் செங்கேணி.

நடந்ததைச் சுகிர்தா எழுதியிருந்ததற்கு, மாதக் கடைசிக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்று பல்கலைக்கழகம் பதில் போட்டது. புது டிக்கெட்டுக்குத் தான் உதவுவதாக ஜெனிஃபரும் சொன்னாள். "விசா சரியாத்தான கீது? டிக்கெட் ஒண்ணுதான போச்சி? வூட்டுக்குப் போயி உண்மைய சொல்லுடி."

"போனா கன்னியப்பன் சொன்னது நெசமாயிடும்" என்றாள் சுகிர்தா. ஆனால் விடுதி வார்டன் தேவகி, விருந்தாளி இனிமேல் தங்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மத்தியான வெயிலில் தன் பேனருக்குக் கீழேயே வந்து இறங்கினாள். டீக்கடையில் கன்னியப்பன். அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். ஆனால் சிமெண்ட் ரோட்டில் பெட்டிச் சக்கரம் போட்ட சத்தம், வீடு வீடாக எல்லாரையும் வாசலுக்கு இழுத்து வந்தது. எல்லாரும் அந்தப் பெட்டியையே பார்த்தார்கள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் திகைத்தாள். புறப்பட்ட அன்று போட்ட மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் கருகிப்போய்க் கிடந்தன. மூலை முழுக்க தூசி, எறும்பு. செங்கேணி அதன் நடுவே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, வூட்ட பெருக்கவே இல்லியா?"

"நீ இன்னும் போயி சேரலியே."

"உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"அயர்லாந்துல ஈயம் பித்தளைக்கு இன்னாடி குடுக்கறான்? பேரீச்சம்பயமா?"

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அம்மாவின் மடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினாள். செங்கேணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. கன்னியப்பன் இறங்காமலே, "இன்னா செங்கேணி, பொண்ணு திரும்பி வந்துட்ச்சா? நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

செங்கேணி எழுந்து வாசலுக்கு வந்தாள். "திரும்பிலாம் வர்லீங்க. அது இன்னும் போயிக்கினுதான் கீது. நடுவுல வண்டி மாறுது, அவ்ளோதான். சந்தேகமா இருந்தா உள்ள வந்து பாருங்க, வூட்ட இன்னும் பெருக்கல."

அவர் அந்த வீட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்தவரில்லை. பைக்கை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது முறை வேன் இல்லை. ஒரே டிக்கெட், ஒரே பெட்டி, அருள்தாஸ் மட்டும் பஸ்ஸில் கூட வந்தார். டப்ளினில் இறங்கி, அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சுகிர்தா வீடியோவில் கூப்பிட்டாள்.

"ஜன்னலத் தொற" என்றாள் செங்கேணி.

திறந்தாள். வெளியே தூறல், ஈரத் தெரு, யாரோ ஒருவர் குடையோடு போனார். செங்கேணி போனைக் காதில் வைத்து நெடுநேரம் கேட்டாள். பிறகு அதை அலமாரியில் சாய்த்து வைத்தாள். திரையில் வெறும் சுவர்தான் தெரிந்தது.

போனுக்குள்ளிருந்து துடைப்பம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சுகிர்தா கட்டிலில் உட்கார்ந்து, அம்மா கடைசி மூலை வரைக்கும் பெருக்கி முடிக்கிறவரை அதைக் கேட்டுக்கொண்டே அழுதாள்.