நடுக்கடலில் கலியாணம் சொன்ன கதை

அக்காவின் கலியாண அழைப்பிதழை அப்பா உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பாரிசிலும் கனடாவிலும் இருந்தவர்கள் இதயங்களையும் கூப்பிய கைகளையும் கொட்டித் தள்ளினார்கள். நயினாதீவில் இருக்கும் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், ஒரு சொல் மட்டும் எழுதினார்: "கிடைத்தது."

அம்மா அதை வாசித்துவிட்டுக் குசினிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணைக்கு மானம் போயிட்டுது."

"கிடைச்சது எண்டுதானே போட்டிருக்கிறார்?" என்றார் அப்பா.

"முற்றுப்புள்ளியும் வைச்சிருக்கிறார். வடிவாப் பாருங்கோ."

எங்கள் தீவுகளில் கலியாணத்தைச் சொல்ல வேண்டும். புருசனும் மனைவியுமாக வீடு தேடிப் போய், சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டை நீட்டி, அந்த வீட்டுத் தலைவரின் முகத்தைப் பார்த்து "கட்டாயம் வரவேணும்" என்று சொல்ல வேண்டும். அவர் இல்லாத நேரம் அவர் மனைவியிடம் சொன்னால் அது சொன்னதாகாது. வீதியில் கண்ட இடத்தில் சொன்னால், சொல்லாமல் விட்டதிலும் கேடு. வாட்ஸ்அப்பில் சொல்வதற்கு இன்னும் ஒரு பெயர்கூட வைக்கப்படவில்லை.

"அண்ணை வராட்டில் நானும் மண்டபத்துக்கு வரேல்லை," என்று அம்மா அறிவித்தார். பெற்றோர் போன பிறகு அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருப்பது மாமா ஒருவர்தான். ஆகவே அது வெறும் மிரட்டலில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாட் காலை புங்குடுதீவில் எங்கள் வீட்டிலிருந்து, நயினாதீவுப் படகுகள் வெளிக்கிடும் குறிகட்டுவான் துறைக்குப் புறப்பட்டோம்: அப்பா, பட்டுச் சேலையில் அம்மா, தட்டுடன் நான், கூடவே கலியாணத்துக்காகப் பாரிசிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவின் மகள். அவள் வரவேண்டிய தேவை எதுவுமில்லை. வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டே வந்தாள்.

அந்த நாட்களில் நான் பல்கலைக்கழகத்துக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வெவ்வேறு மொழிகள் வெட்கத்தையும் மானக்கேட்டையும் எப்படிச் சொல்கின்றன என்பது தலைப்பு. ஆங்கிலத்தில் வெட்கத்தை எடுத்து மற்றவர் மேல் வைக்கிறார்கள். பிரெஞ்சில் அது ஒருவரிடம் இருக்கும் பொருள்; பசியும் தாகமும் இருப்பதுபோல வெட்கமும் இருக்கிறது. சிங்களத்தில் லஜ்ஜாவையும் பயவையும், வெட்கத்தையும் அச்சத்தையும், சோடியாகவே சொல்கிறார்கள்; இரண்டும் இல்லாதவன் மனிதரில் சேர்த்தியில்லை. தமிழில் வெட்கம் வரும், மானம் போகும். இரண்டுக்கும் நாம் பயண வினைகளையே கொடுத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தேன்; அந்த வசனத்தில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. மானம் போவதற்குரிய வாகனத்தையும் பேச்சுவழக்கு சொல்லி வைத்திருக்கிறது: அது கப்பலேறிப் போகும்.

எங்கள் படகு பாதித் தூரம் போயிருக்கும். எதிரே நயினாதீவிலிருந்து ஒரு படகு வந்தது. அதன் முன்தட்டில், வெள்ளை வேட்டிக்கு மேல் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி கட்டியபடி, குடையை ஊன்றிக்கொண்டு மாமா நின்றார்.

"அண்ணை!" என்று அம்மா கூவினார்.

மாமா எங்களைப் பார்த்தார். தட்டையும் பார்த்தார். பிறகு அனலைதீவுப் பக்கம் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். படகு போய்விட்டது.

"வரமாட்டன் எண்டு சொல்லத்தான் போறார்," என்றார் அப்பா.

"என்னைப் பாக்கப் போறார்," என்றார் அம்மா.

நயினாதீவில் மாமி படலையடியிலேயே எங்களை மறித்தார். "உங்களிட்டத்தான் வெளிக்கிட்டவர். நேர கேட்டுப்போட்டு வாறன் எண்டு போனவர்."

மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அது உள்ளே அலுமாரிக்கு மேலிருந்து பாடியது. அப்பா தட்டை வாங்கி மாமியிடம் மெல்ல நீட்ட, மாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"ஐயோ, எனக்குச் சொல்லாதேங்கோ! பிறகு அவர் என்னோடயும் கதைக்கமாட்டார். ஓடுங்கோ, அவர் அங்கால இறங்கியிருப்பார்."

ஓடினோம். பட்டுச் சேலையும் ஓடியது. திரும்பும் படகு முழுக்க நாகவிகாரையை வணங்கிவிட்டுப் போகும் சிங்கள யாத்திரிகர்கள். வெள்ளை உடுத்த ஒரு பெண், என் மடியிலிருந்த தட்டையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து என்ன விடயம் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் அதைப் பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். சிறிது நேரத்தில் மாமாவின் மானம் எப்படிப் போனது என்பது படகிலிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோரும் மாமாவின் பக்கம்.

அப்போது எதிரே மறுபடியும் ஒரு படகு வந்தது. அதில் குடை; குடைக்குப் பின்னால் மாமா. தட்டுடன் எங்களைக் கண்டவர், கலியாணம் சொல்லத்தான் போகிறார்கள் என்று விளங்கி, வீட்டில் நின்று ஏற்றுக்கொள்வதற்காக அடுத்த படகிலேயே திரும்பிக்கொண்டிருந்தார்.

அம்மா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. சிரிப்பிலேயே கண்ணீரும் வந்தது. "இப்ப மறிக்காட்டில் நாங்கள் அங்கால இறங்க, அவர் திரும்பவும் எங்களைத் தேடி வெளிக்கிடுவார். பொழுதுபடுமட்டும் இதுதான்!"

படகோட்டி இயந்திரத்தைத் தணித்தார். "உங்கட ஆள்தானே? கெதியாச் சொல்லுங்கோ. கன நேரம் நிக்க ஏலாது."

அப்பா எழுந்தார். "அத்தான்," என்றார், கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று சொல்வதுபோல அவ்வளவு மெதுவாக. பிறகு உட்கார்ந்துவிட்டார். "நடுக்கடலில நிண்டு கத்துறதோ? சந்தி சிரிக்கும்."

"பெரியப்பா, இங்க சந்தியே இல்லை," என்றாள் பாரிஸ் தங்கை. மறுகணமே மற்றப் படகில் இருந்தவர்களும் எங்களையே பார்ப்பதைக் கண்டு "லா ஓன்த்!", வெட்கக்கேடு, என்று பிரெஞ்சில் சொல்லி ஒரு கையால் முகத்தை மூடினாள். மற்றக் கை படம் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குப் பதிலாக நான் எழுந்ததும் என் காதுகள் சுட்டன. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட இரண்டாம் முறைதான் என் குரல் வெளியே வரும். வெள்ளை உடுத்த பெண் என் முழங்கையைப் பிடித்து, இருக்கை வாங்கின் மேல் ஏற்றிவிட்டார். "லஜ்ஜ வென்ட எபா, துவே." வெட்கப்படாதே, மகளே.

நான் சொல்ல வேண்டியிருந்தது மிகச் சிறிய விடயம்: வீட்டிலேயே நில்லுங்கோ, வாறம். அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறந்ததும் அழைப்பிதழ் முழுவதும் வெளியே வந்தது.

"மாமா! இறைவன் திருவருளால் எமது மூத்த புதல்வியின் திருமண வைபவத்துக்குத் தாங்கள் குடும்ப சமேதராய் எழுந்தருளி, மணமக்களை ஆசீர்வதிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்!"

அக்கா எப்படி என் மூத்த புதல்வியானாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் படகில், விகாரையில் வாழ்த்துவதுபோல, "சாது, சாது!" என்ற குரல் எழுந்தது. மாமாவின் படகிலிருந்து, நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகும் பக்தர்கள் "அரோகரா!" என்றார்கள்.

மாமா குடையைக் கக்கத்தில் இடுக்கி, காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

"என்ன? கேக்கேல்லை!"

"நல்லாக் கேட்டிருக்கும்," என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் மறுபடியும் சொன்னேன், இன்னும் உரத்து. என்னோடு அம்மாவும் சேர்ந்தார். படகோட்டி சேர்ந்தார். தமிழ் தெரியாத யாத்திரிகர்கள் "அழைக்கின்றோம்" என்ற கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்கினார்கள். என் வெட்கம் எந்த வினையைப் பிடித்துக்கொண்டு எங்கே போனதோ, எனக்குத் தெரியாது. கட்டுரையில் அதற்கு நான் இடம் வைத்திருக்கவில்லை.

மாமா ஒரு படகை விட்டு மறு படகைப் பார்த்தார். இரண்டும் அவர் வாய் திறக்கக் காத்திருந்தன.

"உன்ர அப்பரை வீட்டை வந்து சொல்லச் சொல்லு!" என்று கத்தினார். "நான் முற்றத்தில நிக்கிறன்!"

குறிகட்டுவானில் இறங்கியதும் அடுத்த படகுக்கு வரிசையில் நின்றோம். வெள்ளை உடுத்த பெண் தன் பேருந்தைக் காக்க வைத்துவிட்டு, நாங்கள் ஏறும்வரை நின்று கை காட்டினார்.

மாமா முற்றத்தில்தான் நின்றார். குளித்து, வேட்டி மாற்றி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அன்று முழுவதும் வீட்டு வாசலைத் தாண்டாத மனிதரைப்போல நின்றார். தலைமயிரில் மட்டும் இன்னும் ஈரம். குங்குமத்தில் பாதியைக் கடற்காற்று கொண்டு போயிருந்த தட்டை அம்மா நீட்டினார். அப்பா தொண்டையைச் செருமி, கைகளைக் கூப்பினார்.

"அத்தான், எங்கட மூத்த பிள்ளைக்குக் கலியாணம். நீங்கள் கட்டாயம் வரவேணும்."

மாமா அந்தச் செய்தியை முழுதாக உள்வாங்குவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஓமோ?" என்றார், புருவத்தை உயர்த்தி. "நல்ல விசயம். எப்ப கலியாணம்?"

அம்மா தட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க, அப்பா நாளையும் நேரத்தையும் மண்டபத்தையும் ஒன்றுவிடாமல், முதன்முதலாகச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.