மேனுவல் சார் எடுத்த குரூப் போட்டோ

டைல்ஸ் கடை விற்பனையாளருக்கு நாற்பதைத் தாண்டிய பிறகு கேமரா பைத்தியம் பிடித்தது. கேமராதான் இல்லை. அதனால் என்ன, எல்லாவற்றையும் கையாலேயே சரிசெய்யும் 'மேனுவல்' முறையைப் பழகிக்கொள்ளக் கைப்பேசியில் ஒரு ஆப் இருந்ததே! திரையில் ஒரு பொம்மைப் பெண் ஊஞ்சலாடுவாள். கீழே, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, அபெர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று மூன்று கோடுகள். விரலால் தள்ளிச் சரிசெய்து பொத்தானை அமுக்கினால், படம் எப்படி வரும் என்று காட்டி மதிப்பெண் போடும்.

பேருந்தில், சாப்பாட்டு மேசையில், கழிப்பறையில்கூட அந்தப் பொம்மைப் பெண்ணைப் படம்பிடித்தார். நூற்றுக்கு நூறு வாங்கிய நாளிலிருந்து அவர் கால் தரையில் பாவவில்லை. குளியலறை டைல்ஸ் கேட்டு வந்த அம்மாளிடம், "ஜன்னல் எந்தப் பக்கம் மேடம்? வெளிச்சம் கம்மின்னா ஐ.எஸ்.ஓ. ஏத்தணும்" என்றார்.

"நாங்க குளிக்கத்தாங்க போறோம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பக்கத்துக் கடைக்குப் போனார்.

கடையில் 'மேனுவல் சார்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி மட்டும் கேட்டாள்: "தண்ணியில இறங்காமலே நீச்சலா?"

"பைலட்டே இப்படித்தான் பழகுறான்."

"அவனை அப்புறம் பிளேன்ல ஏத்துவாங்க இல்ல?"

ஏற்றினார்கள். மேனேஜர் ஓய்வுபெறும் நாளில் குரூப் போட்டோ எடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மச்சினனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனார். கடை வாசலில் எல்லோரையும் நிறுத்திவிட்டு, கேமராவின் முதுகில் இருந்த திரையைத் தேய்த்தார். ஒன்றும் நகரவில்லை. பிறகு பொத்தான் பொத்தானாகத் தடவத் தொடங்கினார்.

"யாரும் அசையாதீங்க!"

"கண்ணு சிமிட்டலாமா?" என்றார் மேனேஜர்.

அதற்குள் சூரியன் மேகத்துக்குள் போனது. போட்ட கணக்கெல்லாம் பாழ். திரும்ப முதலிலிருந்து. காசாளர் படியில் உட்கார்ந்துவிட்டார். முதல் படம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வந்தது, அடுத்தது இருட்டு. மூன்றாவதில் ஆட்கள் எல்லாம் ஆவிபோல மங்கியிருக்க, பின்னால் கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த டாய்லெட் மட்டும் பளிச்சென்று இருந்தது.

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். "பரவாயில்லப்பா. காலம் பூரா நான் எதை வித்தேனோ, அது நல்லா வந்திருக்கு."

காவலாளி தன் கைப்பேசியில் ஒரே தட்டில் எல்லோரையும் எடுத்துக் கொடுத்தார்.

மேனுவல் சார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்தார். மொட்டைமாடியில் மனைவி நனைந்த போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். எதையும் கணக்குப் போடத் தெம்பில்லாமல், கேமராவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து அமுக்கினார். படத்தில் போர்வை புகையாகப் பறந்தது. அதன் நடுவே அவள் முகம் தெளிவாக நின்றது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "எதை எதுல வெச்சு எடுத்தீங்க?"

"தெரியலயே!" அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை உதறு!"

அவள் உதறினாள். காய்ந்துபோன துணிகளையும் எடுத்து உதறினாள். அப்போது மச்சினன் கேமராவைக் கேட்டுப் போன் செய்தான்.

தலைமுடியைச் சரிசெய்துகொண்டே அக்காக்காரி சொன்னாள்: "அவர் வீட்ல இல்லடா. எப்ப வருவார்னும் தெரியாது."