மலைக்குள் எடுத்த படம்

வட்டவளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்புறச் சரிவில், அவன் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்தான். அடியின் அதிர்வு மண்ணுக்குள் இறங்கியது. தேயிலைத் தூர்களுக்கிடையே குத்தி வைத்த சின்னக் கருவிகள், அது பாறையில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டன. நானும் காதை வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அங்கேயே தொடங்கிவிட்டது என் பொறாமை.

அவன் எங்களோடு அதே லயத்தில் வளர்ந்தவன். இப்போது நிலத்துக்குள் அலை அனுப்பிப் படம் எடுப்பவன். நான் வசன கவிதை எழுதுபவன். மலை சரிந்துவிடும், ஹட்டனில் என் வீட்டுக்கு வந்துவிடு என்று வருஷக்கணக்காக அக்காவிடம் கெஞ்சியவன். அவள் அசையவில்லை.

கருவிகளின் பதிவில் ஒரே இரைச்சல். வயர் பிடிக்க வந்த கொழுந்து பறிக்கும் பெண்கள், என் அக்காவும் சேர்த்து, காலில் ஏறிய அட்டையை உதறப் பழக்கத்தில் தொம் தொம்மென்று மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, நான் அடிக்கிறப்ப மட்டும் மிதிக்காதீங்க. மெசின்ல மலைக்குப் பதிலா நீங்கதான் தெரியுறீங்க.”

“அத அட்டைக்கு யாரு தம்பி சொல்றது?” என்றாள் என் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம் அவள் அப்படி விளையாடி நாளாகிறது. பிறகு அவன் சம்மட்டியை ஓங்கும்போதெல்லாம், அட்டை இரத்தம் குடிக்கக் குடிக்க அசையாமல் நின்றாள்.

மத்தியானம் அக்காவின் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கணினியைத் திறந்தான். முதல் படத்தில் மலை முழுக்க வரிவரியாக ஒரே பிரகாசம்.

“இதுல எல்லா எதிரொலியையும் ஒரே அளவுக்குத் தூக்கி விட்டிருக்கு. பாக்க அழகா இருக்கும். எது பலம்னு தெரியாது.”

அடுத்ததில், அலை போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும்போதே, வழியில் அது எவ்வளவு மெலிந்திருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டான். அந்த இழப்பை மட்டும் ஈடுசெய்தான். ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலை. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. மெலிந்தவை மெலிந்தே நின்றன. அடுப்படிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் கனத்துக் கிடந்தது.

இந்த மலையை எத்தனை பக்கம் எழுதியிருப்பேன். மூடுபனி, மழை, மண், எல்லாவற்றையும் ஒரே உரத்த குரலில். மெல்லியதை மெல்லியதாகவே விட்டுவைக்கும் கை அவனுக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது.

“ஈரக் களிமண்ணா இருக்கலாம், மேல உள்ள மண்ணு அதுல வழுக்கிரும்” என்றான். “தொளை போட்டுப் பாத்தாத்தான் நிச்சயம். ஆனா மழைக்கு முந்தி போயிருங்கக்கா.”

“இவனும் இதத்தான் சொல்றான்” என்று என்னைக் காட்டினாள் அக்கா. “ஆனா இவனுக்குத் தூறல் போட்டாலும் மலை சரியும், பனி மூடுனாலும் மலை சரியும். எத நம்புறது?”

அக்கா திரையில் கனத்துக் கிடந்த அந்தக் கோட்டையே பார்த்திருந்தாள்.

“எப்பப் போகணும் தம்பி?”

என் வீட்டுக்கு வரும் நாளை அவனிடம் கேட்டாள்.

“நாளைக்கே போங்க.”

“சரி.”

நாளைக்குச் சாமான் ஏற்ற வான் வண்டி பேச நான் எழுந்தேன். கூட வரவா என்றான். வேண்டாம் என்று சொல்லி இறங்கி நடந்தேன். அவள் பெட்டியையும் அவனே தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.