தறி நின்ற வீட்டில் ஒரு நாவல்

எங்கள் வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடும். குமாரபாளையத்தில் தறிப்பட்டறையை ஒட்டி வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி. அப்பாவும் அம்மாவும் அந்தப் பட்டறையில்தான் கூலிக்குத் தறி ஓட்டினார்கள். அம்மா பகல் ஷிப்ட், அப்பா இரவு ஷிப்ட். ஒருவர் எழுந்து போன பாயில் இன்னொருவர் வந்து படுப்பார். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அதே பட்டறையில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். நான் மட்டும் படித்தேன். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் சேர்த்து, கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

ஊரடங்கு வந்த மறுநாள் காலை அந்தச் சுவர் ஊமையாகிவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தறி நிற்கும்தான். ஆனால் அப்போது வெடிச்சத்தம் இருக்கும், விருந்தாளிகள் இருப்பார்கள். இது வேறு மாதிரி இருந்தது. குழாயிலிருந்து குடத்துக்குள் நீர் சொட்டுவது கேட்டது. எங்கள் சுவர்க்கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நாங்கள் மட்டும் அமைதியாகவில்லை. பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வாய்கள். "அம்மா, கொழம்புல உப்பு எச்சாப் போச்சு!" என்று அண்ணன் சாதாரணமாகத்தான் சொன்னான். மூன்று வீடு தள்ளியிருந்த அத்தையிடமிருந்து பதில் வந்தது.

"ஒரு உருளக்கெழங்க வெட்டிப் போடச் சொல்லு சாமி!"

இப்படியே அப்பாவின் மூலத் தொந்தரவு லைன் முழுக்கத் தெரிந்துபோனது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் நாலு பேர் என்னிடம் துத்திக்கீரை வதக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். வெட்கத்தில் எனக்கு உயிர் போனது போலிருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்துக் கட்டில்காரி, "ஏன் இப்படிக் கத்தறே? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்" என்றாள். இன்னொருத்தி, நான் பேசும்போது குழந்தைக்கு அழகு காட்டுவதுபோல வாயை இழுத்து இழுத்துப் பேசுகிறேன் என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். பட்டறைக்குள் யார் குரலும் யாருக்கும் கேட்காது. உதட்டை அகலமாக விரித்து, கையையும் சேர்த்துத்தான் பேச்சு. இரண்டு விரலைத் திருகினால் நூல் அறுந்திருக்கிறது. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்கிக் காட்டினால் முதலாளி வருகிறார். எனக்குப் பேச்சு வரும் முன்பே இதெல்லாம் வந்துவிட்டது. விடுதியில் ஒரு வருடம் பாடுபட்டு என் குரலைத் தாழ்த்தினேன், உதட்டைச் சுருக்கினேன், கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே வீட்டிலும் சட்டம் போட்டேன். இனிமேல் எல்லோரும் மெதுவாகப் பேச வேண்டும். அப்பா திருடப் போகிறவர் மாதிரி கிசுகிசுக்க ஆரம்பித்தார். அண்ணன் என் காதருகே வந்து, "புலவரம்மா, சித்த தண்ணி குடிச்சுக்கலாமுங்களா?" என்று பணிந்து கேட்டான். ஆனாலும் பத்து நாளில் பழகிவிட்டார்கள். அம்மாவுக்குத்தான் என் சட்டம் எல்லோரையும்விட நன்றாகப் படிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் பேச்சே குறைந்துபோயிருந்தது.

அந்த நாட்களில் ஆளுக்கு ஒன்று கண்டுபிடித்தோம். இருபது வருடமாகப் பகலைத் தூங்கியே கழித்த அப்பா, மொட்டைமாடிக்குப் போய் மூன்று மணி வெயிலை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு பட்டறைக் கழிவு நூலைச் சுற்றியெடுத்துப் பட்டம் விட ஆரம்பித்தார். அண்ணன் வாயுடைந்த குடத்தில் கொத்தமல்லி விதைத்து, முளைத்ததா என்று நாளுக்கு நாலு தடவை மண்ணைக் கிளறிப் பார்த்தே அதைக் கொன்றான். அம்மா கழிவு நூலைப் பின்னிக் கால்மிதி செய்தாள். நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது எனக்குத் தெரிந்து அப்போதுதான். தட்டு மூன்றுதான் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

நான் கண்டுபிடித்தது வாசிப்பு. விடுதியைக் காலி செய்தபோது நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்கள் பையிலேயே வந்துவிட்டன. அவற்றில் ஒன்று தடித்த நாவல். தினமும் பொழுதோட அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன் என்றேன்.

பொழுது போவதற்காக மட்டும் இல்லை. நான் பத்தாவது முடித்தபோது என்னை நூல் மில்லுக்கு அனுப்பச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். அப்பாவும் அரை மனதாகத் தலையாட்டினார். அம்மாதான், "இவ படிக்கட்டும்" என்றாள். அத்தனை பேர் பேச்சுக்கும் அந்த ஒரே பதிலைச் சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அவள் வாங்கிக் கொடுத்த படிப்பில் ஒரு கைப்பிடியாவது அவளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்கு எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

கதை ரயில் நிலையத்துக்கு எதிரே இட்லிக்கடை நடத்தும் ஒரு பெண்ணைப் பற்றியது. அவளுடைய தம்பி ஒரு சண்டையில் கோபித்துக்கொண்டு ரயிலேறிப் போய்விடுகிறான். ஒவ்வொரு ரயில் வரும்போதும் அவள் கடை வாசலுக்கு வந்து நிற்கிறாள். அப்பா ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கேட்பார். அண்ணன் பட்டத்துக்கு வால் ஒட்டியபடி கேட்பான். அம்மா மட்டும் எனக்கு நேரெதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் என் முகத்தையே பார்ப்பாள். வகுப்பில் யாரும் யாரையும் அப்படிக் கவனித்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சண்டை வரும் கட்டத்தில் அப்பாவின் கண் கலங்கியது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தாள். அம்மாவுக்கு மனசு கல் என்று அண்ணன் கேலி செய்தான்.

இடையில் ஒருநாள் அம்மாவும் நானும் ரேஷன் கடைக்குப் போனோம். முகக்கவசம் போட்டிருந்த கடைக்காரர் என்னவோ சொன்னார். அம்மா தலையாட்டினாள். ஆனால் நகரவில்லை. அவர் மறுபடி சொன்னார். அம்மா மறுபடி தலையாட்டிவிட்டுப் பையை நீட்டினாள். வரிசை முழுக்கச் சிரித்தது. "சர்க்கரை நாளைக்குத்தான்னு எத்தன வாட்டி சொல்லறது?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில் என் கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு, "சொன்னாப் புரிஞ்சுக்கவே மாட்டியா? படிக்காட்டி அதுகூடவா தெரியாது?" என்றேன். அவள் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இதை எழுதும்போதும் அந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று கை வருகிறது.

அதற்கடுத்த வாரம் எனக்கு இருமல் வந்தது. வெறும் தூசி இருமல்தான். ஆனால் அப்பா பயந்துபோய், வீட்டுக்குள்ளேயே என்னை முகக்கவசம் போடச் சொன்னார். போட்டுக்கொண்டே படித்தேன். அம்மா வழக்கம்போல எதிரே உட்கார்ந்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கதை புடிக்கலீன்னா சொல்லிப்போடும்மா. எதுக்கு எந்திரிச்சு எந்திரிச்சுப் போற?"

அவள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, புள்ள கேக்கறால்ல" என்றான் அண்ணன். அவள் திரும்பவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டான். அப்போதும் திரும்பவில்லை. நான் எழுந்து போய்த் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டதுபோல் திரும்பினாள். கேட்டதையே மறுபடியும் கேட்டேன். அவள் என் முகத்தில் இருந்த துணியைப் பார்த்தாள்.

"அதக் கழட்டிப்போட்டுச் சொல்லு சாமி. உன்ற வாயே தெரீல."

எனக்கு ரேஷன் கடைக்காரரின் முகக்கவசம்தான் ஞாபகம் வந்தது. நீல நிறத் துணி.

நான் வாசல்வரை தள்ளிப்போய்க் கவசத்தைக் கழற்றினேன். "அந்தத் தம்பி எதுக்கும்மா ரயிலேறிப் போனான்?" என்று கேட்டேன்.

"அவனா? அவங்கக்கா பள்ளிக்கூடத்துக்குப் போடான்னா. அவன் தறிக்குத்தான் போவேன்னான். அதுல சண்ட."

அந்த நாவலில் தறியே கிடையாது.

"அப்பறம்?"

"அப்பறம் அவ கடையச் சாத்திப்போட்டு, அவனத் தேடி அடுத்த ரயில்ல ஏறிட்டா. ஈரோட்டுல எறங்கித் தேடறா."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஈரோடு எங்கம்மா வந்துச்சு?"

"ரயிலுன்னா ஈரோடு வராமயா போயிரும்?" என்றாள் அம்மா. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, தான் எங்கோ தவறிவிட்டதைக் கண்டுகொண்டாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "பத்துல ரெண்டு புரியும். மிச்சத்த நானாப் போட்டுக்குவேன். பாவுல நூலு அந்து போச்சுன்னா முடிச்சுப் போட்டு ஓட்டறதில்லையா?"

எத்தனை நாளாக என்று அப்பா கேட்டார். மறந்து கிசுகிசுப்பாகவே கேட்டார். அவர் உதட்டைப் பார்த்து அவள் பதில் சொன்னாள்.

"தெரீலீங்க. பட்டறைல ஒருத்தருக்குங் கேக்காது. அங்க நானும் எல்லாரையும் போலத்தான். சத்தம் நின்னதுக்கப்பறந்தான் எனக்குக் கேக்காமப் போச்சு." என் பக்கம் திரும்பினாள். "நீங்க கத்திக்கிட்டு இருந்த வரைக்கும் கொஞ்சம் கேட்டுச்சு சாமி. அப்பறம் நீதான் எல்லாத்தையும் மெதுவாப் பேசச் சொல்லிப்போட்ட."

குற்றமாக அவள் சொல்லவில்லை. மழை வந்தது என்பதுபோலச் சொன்னாள்.

அப்பா மடங்கி உட்கார்ந்தார். ஷிப்ட் மாறும்போது பட்டறைக்குள் பார்த்துப் பேசிக்கொள்வதுதான் அவர்களுடைய குடும்பம் நடத்தலில் பெரும்பகுதி. "நாங்க பேசுனதெல்லாம் அந்தச் சத்தத்துக்குள்ளதான்" என்றார். "எனக்கு எப்படித் தெரியும்?"

இருமல் போனதும் நாவலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். புத்தகத்தை மடியில் திறந்து வைத்து, ஒரு வாக்கியத்தை மனதுக்குள் படித்துவிட்டு, நிமிர்ந்து, அம்மாவுக்குப் பட்டறைப் பேச்சில் சொன்னேன். விடுதியில் சுருக்கி வைத்த உதடு முதல் நாள் ஒத்துழைக்கவில்லை. தாடை வலித்தது. அம்மா பொறுமையிழந்து, "நல்லா வாயத் தொற. படிச்ச புள்ள மாதிரி பேசாத" என்றாள். அண்ணன் பாயில் உருண்டு சிரித்தான்.

சில சொற்களுக்கு எங்களிடம் கைச்சாடை இல்லை. ரயிலுக்கு அம்மாதான் கண்டுபிடித்தாள். உள்ளங்கையை, தறியில் ஊடைநூலோடு நாடா ஓடுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினாள். காத்திருப்பதற்குக் கன்னத்தில் கை. நெய்யப் பாவு நூல் வராத நாட்களில் தறிக்காரர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். சண்டைக் கட்டம் வந்தபோது இந்த முறை அம்மாவின் கண்தான் முதலில் நிறைந்தது. தம்பி தறிக்குப் போகக் கேட்கவில்லை, அக்காள் அவனைக் கடை வேலைக்காரன் என்று சொல்லிவிட்டாள், அதனால்தான் போனான் என்று தெரிந்துகொண்டாள். "பேச்சு அப்படி வந்துருச்சா?" என்று மட்டும் கேட்டாள். நான் புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவள் கையால் அதைக் கீழே இறக்கினாள்.

இப்படிச் சத்தமே இல்லாமல் நாலைந்து நாள் வாசிப்பு நடந்த பிறகு, மூன்று வீடு தள்ளியிருந்து குரல் வந்தது.

"ஏஞ்சாமி, அந்த இட்லிக்கடைக்காரி கதைய நிறுத்திப்போட்டீங்களா? பாதில உட்டுட்டா எப்படி?"

அத்தை முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் மெதுவான குரலுக்கு அவ்வளவுதான் மரியாதை.

"நிறுத்துலீங்கத்த! இப்பப் படமா ஓடுதுங்க!" என்று அண்ணன் பழைய குரலில் கத்தினான். நான் தடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அத்தையும் எங்கள் வாசல்படிக்கு அந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

நாவல் முடிவதற்குள் தறி ஓட அனுமதி வந்துவிட்டது. ஒருநாள் காலை சுவர் மறுபடி அதிர ஆரம்பித்தது. அம்மா பகல் ஷிப்டுக்கும் அப்பா இரவு ஷிப்டுக்கும் திரும்பினார்கள். பட்டம் பரணுக்குப் போனது. போக்குவரத்து தொடங்கியதும் அம்மாவை ஈரோட்டுக்குக் கூட்டிப்போய்க் காதைக் காட்டினோம். ஒரு காது மிஷின் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கும் கல்யாணத்துக்கும் போட்டுக்கொள்கிறாள். பட்டறைக்குள் நுழையும்போது கழற்றி டப்பாவில் போட்டுவிடுவாள். அங்கே அதற்கு வேலையில்லை.

கடைசி அத்தியாயத்தைப் பட்டறையில்தான் படித்தேன். பன்னிரண்டு தறியும் முழுமூச்சில் ஓடின. அம்மாவின் தறிக்கு முன்னால், அவள் என் முகத்தைப் பார்க்கும்படி நின்றுகொண்டேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் அவளுக்குப் போய்ச் சேர்வதை அவள் புருவத்தில் பார்த்தேன். தம்பி வரவில்லை, அக்காள் அடுத்த ரயிலுக்கும் வாசலுக்கு வந்து நின்றாள் என்று முடித்தேன்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எதிரேதான் ரயில் வருகிறது, ஏறிப் போய்த் தேடாமல் நின்றுகொண்டிருப்பாளா என்று கையால் கேட்டாள். உன் கதைதான் சரி, ஈரோட்டில் இறங்கச் சொல்லு என்றேன். சிரித்தாள்.

அதற்குள் நாடாவில் தார் நூல் தீர்ந்துவிட்டது. ஒரு கையை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னாள். தறியை நிறுத்தி, புதுத் தார் மாட்டி, மறுபடி ஓட்டிவிட்டாள். பிறகு நேராக என் உதட்டைப் பார்த்துத் தாடையை அசைத்தாள்.

வேறு கதை இருக்கிறதா என்று கேட்டாள்.